பெருக்கிப் பார்

திருகோணமலை மாவட்டத்துக் கட்டைபறிச்சானில் பத்தாம் தரத்துப் பிள்ளைகளுக்கு நேர்மாறு விகிதசமன் படிப்பித்த கணித ஆசிரியர் ஒருவர், அந்த அலகு தொடங்கும் நாளில் ஒரு வாக்கியத்துக்குத் தடை போடுவார். "ஒன்று கூட மற்றது குறையும்" என்பதுதான் அந்த வாக்கியம். ரியூசனில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அக்காவின் பழைய கொப்பியில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டும் இருக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை, பாதிதான் இருக்கிறது. அந்தப் பாதியோடு சோதனை மண்டபத்துக்குப் போகிற பிள்ளைக்கு, குறைவது எல்லாமே நேர்மாறாகத்தான் தெரியும்.

தடை ஏன் என்பதை அவர் முதலில் விளக்குவதில்லை. ஒரு சைக்கிள் கணக்குப் போடுவார். ஊரிலிருந்து மூதூருக்கு ஒருவர் போகிறார், பாதை 6 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன தூரம் கூடக்கூடப் போக வேண்டிய தூரம் குறைகிறது. இது நேர்மாறா? வகுப்பில் பாதிக்கு மேல் கைகள் உயரும். பலகையில் எண்கள் விழும்: 1 போனால் 5 மிச்சம், 2 போனால் 4, 3 போனால் 3. பெருக்கிப் பார்த்தால் 5, 8, 9. கூட்டிப் பார்த்தால் எப்போதும் 6.

இங்கே சில வருடங்களில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழும்பும். "சேர், ரெண்டு நாலாகேக்க நாலு ரெண்டாகுதுதானே. ரெட்டிக்கப் பாதியாகுது!" ஆசிரியருக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. 2 உம் 4 உம், 4 உம் 2 உம்: இரண்டிலும் பெருக்கம் 8. ஒரு சோடியை மட்டும் பார்த்தால் இந்தப் பாதைக் கணக்கும் நேர்மாறு போலவே நடிக்கும். 1 இலிருந்து 2 க்கு வந்தால் நடிப்புக் கலைந்துவிடும், 5 பாதியாகி 2.5 ஆக வேண்டும், ஆனால் 4 இல் நிற்கிறது. அதன் பிறகுதான் அவர் பலகையின் மூலையில் இரண்டு சொல் எழுதுவார்: பெருக்கிப் பார். அலகு முடியும் வரை அது அழிக்கப்படாது.

2022 ஆம் ஆண்டு இந்தப் பாடத்துக்குப் புத்தகமே தேவைப்படவில்லை. பெற்றோல் வரிசையில் தகப்பனுக்குப் பதிலாக நின்ற பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு அடிக்கிற பழக்கம் பல வீடுகளில் இருந்தது. 92 ஒக்ரேன் பெற்றோல் 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாய். 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூனில் 470. ஆயிரம் ரூபாய்க்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கச் சொன்னார். 5.65 லீற்றர், 3.94, 2.96, 2.38, 2.13. விலையையும் லீற்றரையும் பெருக்கினால் எந்த மாதத்திலும் 1000 தான், தசமத்தில் வெட்டியதால் வரும் சில்லறை வித்தியாசத்தை விட்டுவிட்டால்.

ஆனால் அவர் பிள்ளைகளை நிறுத்தி வைத்த இடம் வேறு. டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் விலை 77 ரூபாய் கூடியது. ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் இடையில் 82 ரூபாய் கூடியது. ஏறக்குறைய ஒரே அளவு ஏற்றம். முதல் ஏற்றத்தில் தாங்கிக்குள் விழாமல் போனது 1.71 லீற்றர். இரண்டாவதில் 0.58 லீற்றர்தான். "கடைசியாக் கூடினதுதான் சேர் எங்களுக்குப் பெரிசாத் தெரிஞ்சுது" என்று பிள்ளைகள் சொன்னார்கள். பணத்தாளாக எண்ணும்போது அப்படித்தான் தெரியும். லீற்றராக எண்ணினால் பெரிய அடி முதலிலேயே விழுந்துவிட்டது. இதை வரைபுத்தாளில் போட்டால் வரும் வளைகோட்டுக்கு அதிபரவளைவு என்று பெயர். இடது பக்கம் செங்குத்தாக இறங்கி, வலது பக்கம் படுத்துக்கொண்டே போய், அச்சை ஒருநாளும் தொடாத கோடு. எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஒரே அளவு மாற்றம் பெரிதாகவும் சிறிதாகவும் விழுகிறது என்பதை அந்த ஐந்து விலைகளும் பத்து நிமிடத்தில் காட்டின.

அந்த வருடமே ஆடி மாதம் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். ஆசிரியர் அதே பலகையில், அதே விலையையும் லீற்றரையும் பணத்தையும் வைத்து இன்னொரு அட்டவணை போட்டார். இப்போது லீற்றர் கட்டப்பட்டுவிட்டது. விலை 470 என்றால் 4 லீற்றருக்கு 1880 ரூபாய். விலை 450 ஆக இறங்கியபோது 1800. விலை கூடச் செலவு கூடும், விலை குறையச் செலவு குறையும். நேர் விகிதசமன்! அதே விலை, அதே பெற்றோல், அதே செற். பணத்தை மாறாமல் வைத்தால் நேர்மாறு, லீற்றரை மாறாமல் வைத்தால் நேர். எது மாறாமல் நிற்கிறது என்று கேட்காமல் எந்த இரண்டு கணியத்துக்கும் பெயர் வைக்க முடியாது என்பதை அவர் இவ்வளவு லேசாகச் சொல்லிக்கொடுத்தது அந்த வருடம்தான். பொருளாதார நெருக்கடி கணித ஆசிரியர்களுக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் உதவியிருக்கிறது.

முகாம் கணக்கு வேறு வகை. நேர்மாறு விகிதசமன் என்றால் எங்கும் வருகிற பழைய கணக்கு அது: ஒரு முகாமில் 120 பேருக்கு 20 நாளைக்குப் போதுமான உணவு உண்டு, மேலதிகமாக 30 பேர் வந்தால் எத்தனை நாளைக்குப் போதும்? கணக்கை எழுதியவர் மனதில் இருந்தது சாரணர் முகாமோ மாணவர் முகாமோ. கட்டைபறிச்சானில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. 2006 இல் போரால் சம்பூர்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து, அலைந்து திரும்பியபோது ஊருக்குள் போக முடியவில்லை. ஒரு பகுதியினர் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். காணிகள் கைக்கு வரத் தொடங்கியது 2015 இல்.

அந்த வருடங்களில் முகாமிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. 120 ஐ 20 ஆல் பெருக்கினால் 2400, அதை 150 ஆல் வகுத்தால் 16 நாள். மற்றப் பிள்ளைகள் ஓரலகு முறையா, குறுக்குப் பெருக்கலா என்று தடுமாறும்போது இவர்கள் நேரே 2400 க்குப் போனார்கள். அந்த 2400 என்ன என்று கேட்டால் "ஒராள் ஒருநாள் சாப்பாடு, அப்பிடி ரெண்டாயிரத்து நானூறு" என்றாள் ஒரு பிள்ளை. மாறிலிக்கு இதைவிடத் தெளிவான வரைவிலக்கணம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாறிலி என்பது கணக்கின் நடுவில் வந்து போகும், பெயரில்லாத ஓர் எண். அதற்கு ஓர் அலகும் உண்டு, ஆள்நாள். பெற்றோல் கணக்கில் அதன் அலகு ரூபாய். வேகமும் நேரமும் என்றால் மாறிலி தூரம், அலகு கிலோமீற்றர். அன்றிலிருந்து அவர் விடைத்தாள்களில் மாறிலியைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது என்ன பொருள் என்றும் எழுத வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார். அலகு எழுதத் தெரிந்த பிள்ளை கணக்கில் வழி தவறுவது அரிது.

இன்னொரு பிள்ளை கேட்டது: "வந்த முப்பது பேரும் முதல் நாளே வராமல், அஞ்சு நாள் கழிச்சு வந்தா?" அது அடுத்த படி. ஐந்து நாளில் 600 ஆள்நாள் முடிந்திருக்கும். மிச்சம் 1800. அதை 150 ஆல் வகுத்தால் 12 நாள். சாதாரண தர வினாத்தாள்களில் வருகிற சிக்கலான பகுதி இதுதான். முதலில் செலவானதைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் நேர்மாறு பார்க்க வேண்டும்.

வயல் கணக்குக்குப் பிள்ளைகளிடம் எதிர்ப்பு இருக்கும். 12 பேர் 5 நாளில் வெட்டி முடிக்கிற வயலை 20 பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? 60 ஆள்நாள், ஆகவே 3 நாள். 60 பேர் இறங்கினால் ஒரு நாள். 600 பேர் இறங்கினால்? கணக்குப்படி ஒரு நாளில் பத்திலொரு பங்கு. வட்டைக்குள் வளர்ந்த பிள்ளை சிரிக்கும். அறுநூறு பேர் ஒரு வயலுக்குள் இறங்கினால் நெல்லை மிதிப்பார்களே தவிர வெட்ட மாட்டார்கள். தாக்கத்தி யாருக்கு எங்கே படும் என்றும் சொல்ல முடியாது. இந்தச் சிரிப்பை அவர் அடக்குவதில்லை. விகிதசமனுக்கு ஓர் எல்லை உண்டு, எல்லைக்குள் நிற்கும் வரைதான் 60 என்ற எண் 60 ஆக நிற்கும்.

வயலில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது, புத்தகங்கள் அதைத் தொடுவதில்லை. வயற்சொந்தக்காரரான போடியார் அறுவடை முழுவதையும் 60,000 ரூபாய்க்குப் பேசி விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 12 பேர் வந்தால் ஆளுக்கு 5000. 20 பேர் வந்தால் 3000. ஆள் கூட நாளும் குறைகிறது, கைக்கு வருகிற காசும் குறைகிறது. இரண்டும் ஆட்களின் தொகைக்கு நேர்மாறு. அப்படியானால் நாளுக்கும் காசுக்கும் இடையில் என்ன உறவு? 5 நாளுக்கு 5000, 3 நாளுக்கு 3000. நேர் விகிதசமன், நாட்கூலி 1000. ஒரே கணியத்துக்கு நேர்மாறாக இருக்கும் இரண்டு கணியங்கள் தங்களுக்குள் நேராக இருக்கும் என்ற அட்சரகணித உண்மையை, குறியீடு ஒன்றும் எழுதாமல் கூலிக்காரரின் பையிலிருந்து எடுத்துக் காட்டலாம். பிறகு குறியீட்டில் எழுதினால் இரண்டு வரியில் முடிந்துவிடும். முதலில் குறியீட்டில் எழுதினால் ஒரு பாடவேளை போகும், ஒருவருக்கும் விளங்காது. இன்று வெட்டு மிசின் வந்த பிறகு தாக்கத்தியோடு இருபது பேர் இறங்குவது குறைந்துவிட்டது. கணக்குகளில் மட்டும் அவர்கள் இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வேகமும் நேரமும் என்று வந்தால் கிண்ணியாவைத் தொடாமல் இந்தப் பக்கத்தில் படிப்பிக்க முடியாது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் கடலேரியைக் கடக்கப் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏற வேண்டும், அதற்குக் கரையில் காத்திருக்க வேண்டும். அவர் போடும் கணக்கில் தரைவழி 30 கிலோமீற்றர், காத்திருப்பும் கடப்பும் சேர்த்து 40 நிமிடம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போனால் 60 நிமிடம், காத்திருப்போடு 100. வேகத்தை இரட்டித்தால் 30 நிமிடம், காத்திருப்போடு 70. பாதியாகவில்லை. வேகம் இரட்டிக்க நேரம் பாதியாகும் என்ற விதி பொய்த்துவிட்டதா? இல்லை. ஓடிய நேரம் பாதியாகித்தான் இருக்கிறது. கரையில் நின்ற நாற்பது நிமிடம் வேகத்துக்குக் கட்டுப்படாதது, அதைக் கழித்துவிட்டுத்தான் பெருக்கிப் பார்க்க வேண்டும். நேர்மாறு எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், இருக்கிற இடத்திலும் அது கண்ணுக்குப் படாது.

கழித்துப் பார்க்க வேண்டிய கணக்கு அது. கூட்டிப் பார்க்க வேண்டிய கணக்கு கடலுக்கு அடியில் கிடைத்தது.

திருகோணமலைக் கடலில் சங்கும் கடலட்டையும் எடுக்கிற சுழியோடிகளின் பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். 12 லீற்றர்ச் சிலிண்டரில் 200 வளிமண்டல அமுக்கத்துக்குக் காற்று நிரப்பினால், மேலே திறந்துவிட்டால் அது 2400 லீற்றர். சுழியோடி ஒருவர் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறார் என்றால், நீர்மட்டத்தில் 120 நிமிடம் வரும். ஆழம் போகப்போக அமுக்கம் கூடும், நெஞ்சை நிரப்பக் கூடுதல் காற்று வேண்டும், சிலிண்டர் கெதியாக முடியும். 10 மீற்றரில் 60 நிமிடம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டு 20 மீற்றரில் எவ்வளவு என்று கேட்டார். ஆழம் இரட்டித்தது, ஆகவே 30 என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. சுழியோடியின் மகன் மட்டும் மாட்டேன் என்றான். "அப்பா இருபதில நாப்பது நிமிசத்துக்குக் கிட்ட நிப்பார் சேர்."

அப்பா சொன்னதுதான் சரி. கடல்நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. ஆனால் நீருக்கு மேலேயே ஒரு வளிமண்டலம் ஏற்கெனவே எங்கள் தலையில் இருக்கிறது. ஆகவே நீர்மட்டத்தில் 1, 10 மீற்றரில் 2, 20 இல் 3, 30 இல் 4. நேரம் 120, 60, 40, 30 நிமிடம். அமுக்கத்தையும் நேரத்தையும் பெருக்கினால் எங்கும் 120. ஆழத்தையும் நேரத்தையும் பெருக்கினால் 0, 600, 800, 900 என்று ஏறிக்கொண்டே போகும். ஆழத்தை வைத்தே செய்ய வேண்டுமென்றால் அதோடு பத்தைக் கூட்டிவிட்டுப் பெருக்க வேண்டும். 10 ஐ 120 ஆல், 20 ஐ 60 ஆல், 30 ஐ 40 ஆல், 40 ஐ 30 ஆல் பெருக்கினால் எல்லாம் 1200. வளிமண்டலத்தை நாங்கள் உணர்வதில்லை, அதனால் கணக்கில் அதை மறந்துவிடுகிறோம்.

இது காற்றின் கணக்கு மட்டும்தான் என்று அவர் அழுத்திச் சொல்லுவார். 30 மீற்றரில் 30 நிமிடம் நிற்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மேலே வருவதற்கும் காற்று வேண்டும், இரத்தத்தில் கரைகிற நைதரசனுக்கு வேறு கணக்கு இருக்கிறது.

மேலே வருவதில் உள்ள ஆபத்தும் இதே வளைகோட்டில்தான் தெரிகிறது. 30 மீற்றரில் ஒரு லீற்றர் கனவளவுள்ள காற்று மேலே வரும்போது என்ன ஆகும்? அமுக்கமும் கனவளவும் நேர்மாறு, பெருக்கம் 4. 20 மீற்றரில் அது 1.33 லீற்றர். 10 மீற்றரில் 2. நீர்மட்டத்தில் 4. முதல் பத்து மீற்றர் ஏற்றத்தில் கூடியது மூன்றிலொரு லீற்றர். அடுத்த பத்தில் மூன்றில் இரண்டு. கடைசிப் பத்தில் முழுதாக இரண்டு லீற்றர். பெற்றோல் விலையில் முதல் ஏற்றம் பலமாக விழுந்ததற்கும், சுழியோடிக்கு நீர்மட்டம் கண்ணுக்குத் தெரிகிற கடைசிப் பத்து மீற்றர் பொல்லாததாக இருப்பதற்கும் காரணம் ஒன்றே. மூச்சை அடக்கிக்கொண்டு அந்தப் பத்து மீற்றரை அவசரமாக ஏறுகிறவருக்கு நுரையீரல் கிழியலாம். நீண்ட நேரம் ஆழத்தில் நின்றுவிட்டு ஒரேயடியாக மேலே வந்தால் கரைந்த நைதரசன் உடம்புக்குள் குமிழாகும். கைகால் விளங்காமல் போன சுழியோடிகளைக் கரையோர ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். பிரித்தானிய உடற்றொழிலியலாளர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் 1908 இல் வெளியிட்ட ஆய்வு, மேலே வரும் வழியில் எங்கே நின்று நின்று வர வேண்டும் என்பதை அமுக்கம் பாதியாவதை அளவுகோலாக வைத்துத்தான் வகுத்தது. எத்தனை மீற்றர் ஏறினாய் என்பதை அவர் கேட்கவில்லை, அமுக்கம் எத்தனையில் ஒன்றானது என்றுதான் கேட்டார்.

1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடித் தோழர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களைக் கடலுக்குள் பார்த்தபோது முதுகில் சுமந்ததும் இதே மாதிரியான சிலிண்டர்தான். அந்தக் கதைக்கு வகுப்பில் நல்ல வரவேற்பு. ஆனால் மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்கும் இந்த அமுக்க விதிக்கும் அதைவிட நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. அதை அவர் உபகதையாகச் சொல்லுவார், சோதனைக்கு வராது என்று எச்சரித்துவிட்டு.

அது மூன்று றொபேட்டுகளின் கதை. கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடிய 'ஆன்' என்ற கப்பல் 1659 இல் புயலில் பாய்மரத்தை இழந்து, அதைப் புதிதாக நாட்டுவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. மூதூர்ப் பக்கத்தில் இறங்கியவர்களைக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் 1660 இல் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பல் தலைவரின் மகன் றொபேட் நொக்ஸ் அவர்களில் ஒருவர். அதே 1660 இல் இங்கிலாந்தில் இரண்டாவது றொபேட், அதாவது றொபேட் போயில், காற்றைப் பற்றிய தன் முதல் பரிசோதனைப் புத்தகத்தை வெளியிட்டார். அந்தப் பரிசோதனைகளுக்கு வேண்டிய காற்றுப் பம்பியைச் செய்துகொடுத்த உதவியாளர் மூன்றாவது றொபேட், றொபேட் ஹூக். சுருள்வில் விதியில் வருகிற அதே ஹூக். போயில் 1662 இல் அமுக்கத்துக்கும் கனவளவுக்கும் உள்ள நேர்மாறு உறவை அட்டவணையோடு அச்சிட்டபோது, நொக்ஸ் கண்டி மலைநாட்டில் கைதி. தகப்பன் காய்ச்சலில் இறந்துவிட்டார். மகன் 1679 இல் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். லண்டனில் 1681 இல் அவர் இலங்கையைப் பற்றி எழுதிய புத்தகம் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் றொபேட் ஹூக்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது அந்த 1662 அட்டவணைதான். போயில் வளைந்த கண்ணாடிக் குழாயின் மூடிய முனையில் காற்றை அடைத்து, திறந்த முனையால் இரசம் ஊற்றினார். காற்று 48 கோடு இடத்தைப் பிடித்தபோது அமுக்கம் இரசத்தில் 29 அங்குலமும் எட்டிலொரு பங்கும். 24 கோட்டுக்கு நெருக்கியபோது 58 அங்குலமும் பதினாறில் பதின்மூன்றும். 12 கோட்டில் 117 அங்குலமும் பதினாறில் ஒன்பதும். பெருக்கிப் பார்க்கச் சொல்லுவார். 1398, 1411.5, 1410.75. "சேர், ஒண்டாயில்லையே. அப்ப நேர்மாறு இல்லையா?" நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான வித்தியாசம். வாயால் ஊதிய குழாய், கண்ணால் பார்த்த கோடு. புத்தகக் கணக்கில் மாறிலி அப்பழுக்கில்லாமல் நிற்கும். அளந்து பார்த்தால் அது சற்றே அசையும். எவ்வளவு அசைந்தால் பொறுக்கலாம், எவ்வளவு அசைந்தால் விதியைச் சந்தேகிக்க வேண்டும் என்பதைப் பத்தாம் தரத்திலேயே யோசிக்கத் தொடங்கினால் நல்லது என்பது அவருடைய எண்ணம். பாடத்திட்டத்துக்கு அந்த எண்ணம் இல்லை.

எது மாறாமல் நிற்க வேண்டும் என்ற கேள்வி இங்கேயும் உண்டு. வெப்பநிலை மாறாதிருந்தால்தான் போயில் சொன்னது நடக்கும். தந்தி வாத்தியத்திலும் அப்படித்தான். காரைதீவில் 1892 இல் பிறந்து, விஞ்ஞானம் படித்து, பிறகு துறவியான சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழரின் யாழ்களைக் கணக்குப் போட்டே மீட்டெடுக்கப் பார்த்தார். 'யாழ் நூல்' 1947 இல் வெளிவந்தது. தந்தியின் நீளமும் அதன் அதிர்வெண்ணும் நேர்மாறு. 90 சென்ரிமீற்றர்த் தந்தி விநாடிக்கு 240 தடவை அதிர்ந்து சட்சம் பாடினால், 60 சென்ரிமீற்றரில் 360 தடவை அதிர்ந்து பஞ்சமம், 45 இல் 480 தடவை அதிர்ந்து மேல் சட்சம். பெருக்கம் மூன்றிலும் 21,600. ஆனால் இடையில் யாராவது முறுக்காணியைத் திருப்பி இழுவையைக் கூட்டிவிட்டால் எல்லாம் போய்விடும். சங்கீதம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெருமை.

நகைக்கடைக் கணக்கை அவர் அவசரமாகத்தான் கடப்பார், அதில் சுவாரசியம் குறைவு, ஆனால் வயது அதிகம். 24 கரட் பொன் 22 கிராம் இருந்தால், செம்பு சேர்த்து 22 கரட் ஆக்கும்போது 24 கிராம் வரும். பெருக்கம் 528. பொன்னின் நிறையும் மாற்றும் நேர்மாறு என்பதைப் பாஸ்கராச்சாரியார் 1150 இல் 'லீலாவதி'யில் எழுதிவைத்திருக்கிறார். போயிலுக்கு ஐந்நூறு வருடம் முந்தி.

விடைத்தாள் திருத்தும்போது அவர் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை கணிதப் பிழைகளாக இல்லை. 12 பேர் 5 நாள், 20 பேர் எத்தனை நாள் என்றால் 12 க்கு 5, 20 க்கு எத்தனை என்று குறுக்கே பெருக்கி 8 நாளும் மூன்றில் ஒன்றும் என்று எழுதிவிடும் பிள்ளை. கை கணக்குச் செய்கிறது, கண் பார்ப்பதில்லை. கூட ஆள் வந்தும் வேலை இழுபடுமா என்று ஒருதரம் யோசித்தால் பிழை தெரிந்துவிடும். அதனால் விடையைக் கண்டுபிடிக்க முன் அது பழைய எண்ணைவிடக் கூடவா குறையவா என்று ஓரத்தில் எழுதச் சொன்னார். தடை போட்ட வாக்கியத்துக்கு அவர் கொடுத்த ஒரே வேலை அது, காவல் வேலை. வாசலில் நிற்கலாம், உள்ளே வந்து கணக்குச் செய்யக் கூடாது.

தவணைச் சோதனையில் கடைசியாக எப்போதும் ஒரு வினா வைப்பார். சில சோடிகளைக் கொடுத்து எது நேர்மாறு, எது இல்லை என்று கேட்கும் வினா. மெழுகுதிரி எரிந்த நேரமும் மிச்ச உயரமும். தோட்டத்துக்கு ஒரே பரப்பளவு என்றால் அதன் நீளமும் அகலமும். ஒரே சுற்றளவு என்றால் நீளமும் அகலமும். கடைசி இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது வேண்டுமென்றே. இவற்றுக்கெல்லாம் முடிந்த விடை உண்டு.

ஒன்றுக்கு மட்டும் இல்லை. கொட்டியாரக் குடாவில் ஒரு நாளில் இறங்கும் தோணிகளின் தொகையும், ஒரு தோணிக்குக் கிடைக்கும் மீனும் நேர்மாறு விகிதசமனா? வயற்காரரின் பிள்ளைகள் ஆம் என்று எழுதுவார்கள். குடாவில் இருக்கிற மீன் அவ்வளவுதான், பங்கு கூடினால் துண்டு சிறுக்கும். கடற்காரரின் பிள்ளைகள் ஒத்துக்கொள்வதில்லை. தோணி குறைந்த நாளில் கடலில் மீன் பிடிபடாமலே கிடக்கும், ஆகவே பெருக்கம் குறையும் என்பான் ஒருவன். தோணிகள் அளவுக்கு மிஞ்சினால் குஞ்சையும் வாரி, அடுத்த வருடம் பெருக்கமே விழுந்துவிடும் என்பாள் இன்னொருத்தி. மாரிக் கடலில் மகாவலித் தண்ணீர் கலங்கி வரும்போது எந்தக் கணக்கும் பிடிக்காது என்று ஒரு பிள்ளை விடைத்தாளிலேயே எழுதியிருந்தது. வினாவுக்கு நான்கு புள்ளி. 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் ஒரு புள்ளி கொடுத்துவிடுவார். தோணியையும் மீனையும் பெருக்கி, அந்தப் பெருக்கம் ஏன் மாறும் அல்லது ஏன் மாறாது என்று எழுதியிருந்தால் மற்ற மூன்றும்.